குதிரையில் பங்கு கொள்ளத் தகுந்தவர் யார்?





ஒரு பொருளை இருவர் சேர்ந்து வைத்திருப்பது நமக்குப் புதிதன்று. கருணாபுரத்திலிருந்து கல்வராயன் மலையடிவாரம் வரை நம் வட்டாரத்தில் எத்தனையோ கிணறுகளைப் பங்காளிகள் முறைவைத்து இறைக்கின்றனர். இரு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சுமை ஆட்டோ வாங்குகின்றன. அண்ணனும் தம்பியும் ஒரே இருசக்கர வண்டியில் வேலைக்குச் செல்கின்றனர். வாங்குகின்ற நாளில் இனிப்பு வழங்கப்படுகின்றது. ஆறு மாதம் கழிந்ததும், நேற்று யார் அதிக நேரம் ஓட்டியது, டயர் தேய்ந்தது யாரால் என்ற பேச்சு தொடங்குகின்றது. சில வீடுகளில் அந்தப் பேச்சு, பெருநாளன்றுகூட ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்காத அளவுக்கு வளர்ந்துவிடுகின்றது. குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்ததாம் என்று நம் முன்னோர் சொன்னது இத்தகைய கூட்டுகளுக்கும் பொருந்தும்.

இந்தச் சிக்கல் வண்டி வந்த பிறகு தோன்றியதன்று. குதிரையும் ஒட்டகமுமே வாகனமாக இருந்த காலத்திலேயே மனிதர்கள் இக்கேள்வியைச் சந்தித்தார்கள். என் வாகனத்தில் பங்கு கொள்ளத் தகுந்தவர் யார்? அவருடைய தகுதியை எதைக் கொண்டு அளப்பது? இஸ்லாமிய வரலாறு இதற்கு என்ன விடை தருகின்றது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

விலை கொடுத்தால் போதுமா?

முதலில் நம் தமிழ் மண்ணின் வரலாற்றைப் பார்ப்போம். பதின்மூன்றாம் நூற்றாண்டில், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காயல் துறைமுகம் குதிரை வணிகத்தால் பெயர் பெற்றிருந்தது. பாரசீக வளைகுடாவிலிருந்தும் அரபுக் கரைகளிலிருந்தும் குதிரைகள் கப்பல் கப்பலாக இங்கு வந்து இறங்கின. கீஷ் தீவை ஆண்ட ஷைகு ஜமாலுத்தீன் இப்ராஹீம், பாண்டிய மன்னருக்கு ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். ஒரு குதிரையின் விலை 220 பொற்காசுகள். வழியில் கடலில் இறந்துபோகும் குதிரைக்கும் பாண்டியர் விலை கொடுத்தனர். ஷைகு ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராகவும் இருந்தார்.

நம்மில் பலருடைய குடும்பப் பெயரிலும் அக்காலத்தின் சுவடு உள்ளது. இராவுத்தர் என்னும் சொல் குதிரை வீரரைக் குறிப்பது. குதிரை வளர்ப்பும் சவாரியும் நம் சமுதாயத்தோடு எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்கு இந்த ஒரு பெயரே சான்றாகும்.

ஆனால், இத்தனை விலை கொடுத்து வாங்கிய குதிரைகளின் கதி என்ன? 1293ஆம் ஆண்டை ஒட்டி இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ ஒரு வேதனையான செய்தியைக் குறித்து வைத்தார். இங்கு வாங்கப்படும் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் இறந்துவிடுகின்றன. அவற்றைப் பராமரிக்கும் முறை அறிந்தவர்கள் இங்கு இல்லை என்பது அச்செய்தி. அதைவிடக் கசப்பான ஒன்றையும் அவர் சொல்கின்றார். குதிரைகள் இறந்தால்தான் அடுத்த ஆண்டும் வியாபாரம் நடக்கும் என்பதற்காக, குதிரை வைத்தியம் அறிந்தவர்களை வணிகர்கள் இங்கு அழைத்து வருவதில்லை. வர விடுவதுமில்லை என்பது அவர் சுமத்தும் குற்றச்சாட்டு. அயல்நாட்டுப் பயணி ஒருவரின் கூற்று இது. எனினும், வாங்கியவருக்கு அறிவில்லாமலும் விற்றவருக்கு அக்கறையில்லாமலும் போனால், இடையில் நின்ற வாயில்லா ஜீவனே உயிரை இழக்கும் என்ற உண்மையை அது நமக்கு உணர்த்துகின்றது. 220 பொற்காசுகள் குதிரையை வாங்கித் தந்தன. அதைக் காப்பாற்றத் தெரிந்த கையை அவற்றால் வாங்கித் தர இயலவில்லை.

நமக்கு அருகிலுள்ள செஞ்சியின் வரலாற்றிலும் ஒரு குதிரை உண்டு. 2019ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரியும் வரை, நாமும் செஞ்சியும் விழுப்புரம் என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தோம். ஆற்காட்டு நவாபு சஆதத்துல்லாகானின் படையை எதிர்த்து 1714 அக்டோபர் 3 அன்று போரில் வீழ்ந்த இளம் மன்னர் தேஜ்சிங்கைத் தமிழ் மக்கள் தேசிங்கு ராஜா என்று நினைவில் வைத்துள்ளனர். எவருக்கும் அடங்காத பாராசாரி என்னும் குதிரையை அவர் இளம் வயதிலேயே அடக்கி ஏறினார் என்றும், தம் திருமண ஏற்பாட்டையும் விட்டுவிட்டு வந்து அவருக்காகப் போரிட்டு உயிர் துறந்தவர் மகபத்கான் என்னும் முஸ்லிம் நண்பர் என்றும் நாட்டுப்புறக் கதைப்பாடல் கூறுகின்றது. பெரிய வீரர்களைத் தள்ளிவிட்ட குதிரை ஓர் இளைஞருக்கு அடங்கியது என்ற கதையை நம் மக்கள் முந்நூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றனர். குதிரைக்கு ஏற்றவர் யார் என்பதை உடல் பருமனோ பட்டமோ தீர்மானிப்பதில்லை என்பதை அவர்களும் அறிந்திருந்தனர்.

பத்ரை நோக்கிய பாதையில்

இனி, நம் கேள்விக்கு நேரான விடை தரும் நிகழ்ச்சிக்கு வருவோம். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு ரமலான் மாதம், கி.பி. 624 மார்ச். மதீனாவிலிருந்து பத்ரை நோக்கி முஸ்லிம்கள் புறப்படுகின்றார்கள். பத்ர் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. புறப்பட்டவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். அவர்களிடம் இருந்தவை 2 குதிரைகளும் 70 ஒட்டகங்களுமே. அவ்விரு குதிரைகளில் ஒன்று மிக்தாத் (ரலி) அவர்களுடையது. ஆக, ஓர் ஒட்டகத்திற்கு மூவர், நால்வர் என்று பிரிந்துகொண்டு, ஒருவர் ஏறிச் செல்ல மற்றவர் நடப்பது என்று முறை வகுத்துக்கொண்டார்கள். மூவர் பங்கு என்றால், ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு பங்கு சவாரி; மூன்றில் இரு பங்கு சுடுமணலில் நடை.

அந்தப் பங்கீட்டில் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதை ஸீரத் நூல்கள் பெயர் சொல்லிப் பதிவு செய்துள்ளன. அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஆகிய மூவருக்கும் ஓர் ஒட்டகம். அடுத்த குழுவைக் கவனியுங்கள்! குறைஷிக் குலத்தின் பெருவீரர், நபியவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களோடு ஒரே ஒட்டகத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் ஸைத் பின் ஹாரிஸா (ரலி), அபூ கப்ஷா (ரலி), அனஸா (ரலி) ஆகியோர். இம்மூவரும் அடிமை நிலையிலிருந்து உரிமை பெற்றவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் மக்காவில், எஜமானர் ஏறிச் செல்லும் ஒட்டகத்தின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடப்பது மட்டுமே அத்தகையோருக்கு விதிக்கப்பட்டிருந்தது. பத்ர் பாதையிலோ, அவர்கள் ஏறியமர ஹம்ஸா (ரலி) நடக்க வேண்டிய முறையும் வந்தது.

நபி (ஸல்) அவர்களுக்கு மட்டும் தனி வாகனம் ஒதுக்கப்பட்டதா? இல்லை. அவர்களும் அலீ (ரலி), அபூ லுபாபா (ரலி) ஆகிய இருவரோடு ஓர் ஒட்டகத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். நபியவர்கள் நடக்கும் முறை வந்தபோது, அவ்விருவரும், தாங்கள் அவர்களுக்காக நடப்பதாகச் சொன்னார்கள். அன்பினால் வந்த வேண்டுகோள் அது. ஆயினும் நபியவர்கள் ஏற்கவில்லை. நடப்பதில் நீங்கள் இருவரும் என்னைவிட வலிமை மிக்கவர்கள் அல்லர். நற்கூலியைப் பொறுத்தவரையில் உங்களைவிடத் தேவையற்றவனாக நானும் இல்லை என்ற கருத்தில் பதிலளித்துவிட்டு நடந்தார்கள். மதீனாவின் பொறுப்பைக் கவனிப்பதற்காக அபூ லுபாபா (ரலி) வழியிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

சகோதரர்களே! இந்தப் பதிலில் கூட்டுரிமையின் இலக்கணமே அடங்கியுள்ளது. தலைவர் என்பதற்காகக் கூடுதல் முறை கிடையாது. பங்காளி அன்போடு விட்டுக்கொடுக்கின்றார் என்பதற்காக அவருடைய பங்கையும் சேர்த்து அனுபவிப்பதற்கில்லை. நம் குடும்பங்களில் என்ன நடக்கின்றது? தம்பி ஒரு நாள் விட்டுக்கொடுத்தால், மறுவாரம் அதுவே அண்ணனின் உரிமையாகிவிடுகின்றது. விட்டுக்கொடுத்தவர் வாய்விட்டுக் கேட்கும்போது, அவர் பேராசைக்காரராகத் தெரிகின்றார்.

ஆறு பேருக்கு ஓர் ஒட்டகம்

மற்றொரு பயணத்தைப் பற்றி அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிப்பது ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது. அதில் ஆறு பேருக்கு ஓர் ஒட்டகம். முறைவைத்து ஏறியும் நடந்தும் சென்றதில் கால்கள் வெடித்துப் போயின. அபூ மூஸா (ரலி) அவர்களின் கால் நகங்கள் கழன்று விழுந்தன. கந்தல் துணிகளைக் கால்களில் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அதனால்தான் அப்போருக்கு ‘தாத்துர் ரிகாஃ’, அதாவது ஒட்டுத்துணிப் போர் என்ற பெயர் வந்தது என்று அவர்கள் கூறினார்கள். இதைச் சொல்லிவிட்டு, தாம் செய்த ஒரு நற்செயலைத் தாமே வெளிப்படுத்திவிட்டோமே என்று அவர்கள் வருந்தியதாகவும் அதே அறிவிப்பில் உள்ளது. நகம் கழன்ற நிலையிலும் அடுத்தவரின் முறையைப் பறிக்காதவர்கள், அதைப் பேசிப் பெருமை கொள்ளவும் விரும்பவில்லை.

முன் இருக்கை யாருக்கு உரியது?

முறைவைத்து ஏறுவது ஒரு வகை. ஒரே நேரத்தில் இருவர் ஏறுவது மற்றொரு வகை. இதற்கும் ஒழுங்கு கற்பிக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் நடந்து சென்றுகொண்டிருந்தபோது, கழுதையில் வந்த ஒருவர் அவர்களை ஏறிக்கொள்ளுமாறு அழைத்துவிட்டு, மரியாதைக்காகத் தாம் பின்னால் நகர்ந்துகொண்டார். நபியவர்கள் உடனே ஏறிவிடவில்லை. வாகனத்தின் முன்பகுதிக்கு அதன் உரிமையாளரே அதிகத் தகுதியுடையவர். அவர் மனமுவந்து அதை வழங்கினாலே தவிர என்று விளக்கினார்கள். அவரும், தாம் அதை வழங்கிவிட்டதாக வாய் திறந்து சொன்னார். அதன் பிறகே ஏறினார்கள். புரைதா (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இச்செய்தி வந்துள்ளது. குறிப்பால் கிடைத்த அனுமதியைச் சொல்லால் உறுதி செய்துகொண்டதை நாம் கவனிக்க வேண்டும். கூட்டுப் பொருளில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை, கேட்காமலேயே கொடுத்துவிட்டதாக எண்ணிக்கொள்வதால் வருபவை அல்லவா?

தம் வாகனத்தில் பின்னால் அமர்த்திக்கொள்ள நபியவர்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஹிஜ்ரி 10ஆம் ஆண்டின் இறுதி ஹஜ்ஜில், மாபெரும் மக்கள் திரளுக்கு நடுவே, அரஃபாத்திலிருந்து முஸ்தலிஃபா வரை அவர்களுக்குப் பின்னால் அமர்ந்து வந்தவர் உஸாமா பின் ஸைத் (ரலி). உரிமை பெற்ற அடிமையின் மகனாகிய இளைஞர். முஸ்தலிஃபாவிலிருந்து மினா வரை ஃபழ்ல் பின் அப்பாஸ் (ரலி). நபியவர்களின் சிறிய தந்தை மகன். குலத்தவருக்கும் குலப்பெருமை இல்லாதவருக்கும் ஒரே இடம் கிடைத்தது.

பளுவைவிட அறியாமை கனமானது

நம் மதரஸாக்களில் இன்றும் ஓதிக் கொடுக்கப்படும் ‘ஹிதாயா’ என்னும் ஹனஃபி மத்ஹபின் சட்ட நூலை எழுதியவர் இமாம் புர்ஹானுத்தீன் அல்மர்கீனானீ (ரஹ்). ஹிஜ்ரி 593, கி.பி. 1197இல் மறைந்தவர்கள். அந்நூலில் நம் கேள்வி நேரடியாகவே ஆராயப்பட்டுள்ளது.

ஒருவர் தாம் ஏறிச் செல்வதற்காக ஒரு பிராணியை வாடகைக்கு எடுக்கின்றார். உரிமையாளரைக் கேட்காமல் மற்றொருவரையும் பின்னால் ஏற்றிக்கொள்கின்றார். பிராணி இறந்துவிட்டால் அதன் விலையில் பாதியை அவர் ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். இருவரில் யார் எவ்வளவு எடை என்று ஏன் நிறுத்துப் பார்ப்பதில்லை? இமாம் அவர்கள் தரும் காரணம் சிந்திக்கத் தக்கது. எடை குறைந்தவராயினும் சவாரி அறியாதவர் பிராணியைக் காயப்படுத்திவிடலாம். எடை மிகுந்தவராயினும் சவாரி அறிந்தவர் அதற்கு இலகுவாக இருக்கலாம். எனவே எடை அளவுகோல் ஆகாது.

இருவருக்குச் சொந்தமான ஒரு பிராணியில் இன்று நீ, நாளை நான் என்று முறைவைத்து ஏறுவதற்குச் சட்ட நூல்களில் ‘முஹாயஆ’ என்று பெயர். ஒரு வீட்டில் முறைவைத்துக் குடியிருப்பதை அனுமதித்த இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள், பிராணியில் முறைவைத்து ஏறுவதை உரிமைப் பங்கீடாக ஏற்கவில்லை. ஏறுபவர்களில் கைதேர்ந்தவரும் உண்டு, கைப்பழக்கமற்றவரும் உண்டு. ஆகவே நாள் சமமாக இருந்தாலும் பயன்பாடு சமமாக இராது என்பது காரணம். அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூ யூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகிய இருவரும் அதை அனுமதித்தனர். கருத்து வேறுபாடு இருந்தாலும், பங்கீட்டின் நியாயம் நாள்காட்டியில் மட்டும் இல்லை, ஏறுபவரின் கையிலும் உள்ளது என்ற உண்மை இதிலிருந்து விளங்குகின்றது. ‘ஆளுக்கு மூன்று நாள்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் நீதி வந்துவிட்டதாக நாம் நினைக்கின்றோம். ஒருவர் மூன்று நாளில் தேய்ப்பதை மற்றவர் மூன்று மாதத்திலும் தேய்க்காமல் இருக்கலாம்.

தகுந்த கை பட்டால் பொருளின் தரமே உயரும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஓர் இரவு மதீனாவில் பெருஞ்சத்தம் கேட்டு மக்கள் அஞ்சி எழுந்தார்கள். அவர்கள் சத்தம் வந்த திசையில் சென்றபோது, நபி (ஸல்) அவர்கள் எல்லோருக்கும் முன்னரே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அபூ தல்ஹா (ரலி) அவர்களிடம் இரவல் வாங்கிய குதிரையில், சேணம்கூட இல்லாமல் சென்றிருந்தார்கள். அது மெதுவாக நடக்கும் குதிரை என்று அறியப்பட்டது. இரவல் வாங்கியவர்கள் பலர் திருப்பித் தரும்போது குறை சொல்வார்கள். நபியவர்களோ, அதைக் கடலைப் போல் தடையின்றி ஓடக் கண்டதாகப் புகழ்ந்தார்கள். அதன் பின் எந்தக் குதிரையும் அதை முந்தவில்லை என்றும் அறிவிப்பு உள்ளது.

மூன்றாவது பங்காளி

இருவர் ஒரு குதிரையில் பங்கு கொள்ளும்போது, அங்கே மூன்றாவதாக ஒரு பங்காளியும் உண்டு. அது அந்தக் குதிரைதான்! அதன் உரிமையை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். முறை இருவருக்குத்தான், அதற்கோ ஓய்வு நாளே இல்லாமல் போகின்றது.

நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்சி அளித்து மெலிவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்து, ஆறு மைல் தொலைவு வைத்தார்கள். பயிற்சி பெறாதவற்றுக்கு ஏறத்தாழ ஒரு மைல் மட்டுமே வைத்தார்கள். அதில் கலந்துகொண்ட இப்னு உமர் (ரலி) அவர்களே இதை அறிவிக்கின்றார்கள். சக்திக்கு ஏற்ற சுமை என்பது விலங்குக்கும் உரிய நீதியாகும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் முரண்டு பிடித்த ஒட்டகத்தில் ஏறி அதை முன்னும் பின்னும் அலைக்கழித்தபோது, மென்மையைக் கைக்கொள்ளுமாறு நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் கண்ணீர் விட்ட ஒட்டகத்தைத் தடவிக் கொடுத்து, அதைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதற்காக உரிமையாளரைக் கண்டித்தார்கள். காயல் கரையில் இறந்துபோன குதிரைகளுக்கு இத்தகைய ஒருவர் கிடைக்கவில்லை.

கூட்டாளியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இதுவரை கண்ட வரலாற்றிலிருந்து, வாகனமோ கிணறோ கடையோ எதில் கூட்டுச் சேர்வதாயினும் நாம் பார்க்க வேண்டியவை நான்கு.

ஒன்று, அவர் அந்தப் பொருளைப் பற்றி அறிந்தவரா? பணம் போடுகின்றார் என்பது மட்டும் போதாது. காயலில் பணம் குறைவாக இருக்கவில்லை.

இரண்டு, தம் முறை முடிந்ததும் இறங்கத் தெரிந்தவரா? ஏறத் தெரிந்தவர்கள் ஏராளம். இறங்குவதுதான் குணத்தின் சோதனை.

மூன்று, கேட்டு வாங்கும் பழக்கமுள்ளவரா? கழுதையின் முன் இருக்கைக்கும் சொல்லால் அனுமதி பெற்ற முன்மாதிரியை நாம் கண்டோம்.

நான்கு, பொருளையும் உயிரையும் அமானிதமாகக் கருதுபவரா? யாரும் பார்க்காத இடத்தில் அந்த வண்டியை, அந்த மோட்டாரை, அந்த மாட்டை அவர் நடத்தும் விதத்தில் இது தெரிந்துவிடும்.

பணக்காரரா, நம் குலத்தவரா, செல்வாக்குள்ளவரா என்ற கேள்விகள் இவற்றில் இல்லை. பத்ர் பாதையில் ஹம்ஸா (ரலி) அவர்களோடு ஒட்டகத்தைப் பகிர்ந்தவர்களின் பெயர்களை மீண்டும் நினைத்துப் பாருங்கள்!

பெற்றோர்களே! இந்த நான்கு கேள்விகளையும் பிறரை நோக்கிக் கேட்பதற்கு முன், நம்மை நோக்கியே கேட்டுக்கொள்வோம். நமக்குத் தகுந்த கூட்டாளியைத் தேடுகின்ற நாம், பிறருக்குத் தகுந்த கூட்டாளியாக இருக்கின்றோமா? இரு பங்காளிகளில் ஒருவர் மற்றவருக்குத் துரோகம் செய்யாத வரை, அவர்களுடன் மூன்றாமவனாகத் தானே இருப்பதாக அல்லாஹ் கூறுகின்றான் என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் உள்ளது. துரோகம் நுழைந்துவிட்டால் அந்தத் துணை விலகிவிடுகின்றது. அல்லாஹ்வின் துணை விலகிய கூட்டில் இலாபம் வந்தாலும் பரக்கத் இராது. பிள்ளைகளுக்குச் சேர்த்து வைக்கும் சொத்தோடு, சிற்றப்பாவின் வீட்டுக்குப் போகக் கூடாது என்ற பகையையும் சேர்த்து வைத்துவிட வேண்டாம். இன்றைக்கே நம் கூட்டுப் பொருள்களின் கணக்கை எடுத்துப் பார்ப்போம். அடுத்தவரின் முறையில் நாம் ஏறிய நாள் ஏதேனும் இருந்தால், அதை அவரிடம் சொல்லித் திருப்பிக் கொடுப்போம்.

கூட்டுப் பொருளில் நீதியையும், பயணத் துணையில் அன்பையும், வாயில்லா ஜீவன்களிடம் இரக்கத்தையும் கடைப்பிடிக்கும் நன்மக்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.